என்டர் தட்டினதுல இருந்து பக்கம் வர்ற வரைக்கும்: ஜாங்கோ உள்ள என்னதான் நடக்குது? அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஜாங்கோ, அதாவது பைத்தான்ல வெப்சைட் எழுத உதவுற ஃப்ரேம்வொர்க், கத்துக்க ஆரம்பிச்ச பல பேரு ஒரு வியூ (ரிக்வெஸ்ட வாங்கி பதில் கொடுக்குற ஃபங்ஷன்) எழுதுறாங்க, ஒரு டெம்ப்ளேட் (பக்கத்தோட எச்டிஎம்எல் அச்சு) எழுதுறாங்க, பக்கம் வந்துடுது, சந்தோஷம். ஆனா திடீர்னு 403னோ 502னோ எரர் எண் வந்து நிக்கும்போது எங்க ஆரம்பிச்சு தேடுறதுனு தெரியாம கண்ணுல பட்ட ஃபைல் எல்லாத்தையும் மாத்த ஆரம்பிச்சுடுறாங்க. ரிக்வெஸ்ட், அதாவது பிரவுசர் சர்வர்கிட்ட பக்கம் கேட்டு அனுப்புறது, எந்தெந்த இடத்த தாண்டி போகுதுனு வரிசையா தெரிஞ்சிருந்தா, எரர பாத்த உடனே அது எந்த இடத்துல மாட்டிருக்குனு பெரும்பாலும் சொல்லிடலாம். அதனாலதான் கீழ உள்ள கேள்விகள ரிக்வெஸ்ட் போற வழியிலேயே அடுக்கியிருக்கேன். ஜாங்கோவ வச்சுதான் சொல்றேன், லாரவெல் (பிஎச்பி ஃப்ரேம்வொர்க்), ரெயில்ஸ் (ரூபி ஃப்ரேம்வொர்க்) பத்தியும் கடைசிப் பக்கம் கொஞ்சம் இருக்கு.

ரிக்வெஸ்ட் ரிக்வெஸ்ட்னு சொல்றீங்களே, அது உண்மையில என்ன?

வெறும் டெக்ஸ்ட்தாங்க. எச்டிடிபி 1.1ல பிரவுசர் அனுப்புறது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

கெட் /புத்தகம்/42/ எச்டிடிபி/1.1
ஹோஸ்ட்: எக்ஸாம்பிள்.காம்
குக்கி: செஷன்ஐடி=...

முதல் வரியில என்ன செய்யணும்ங்கிற மெத்தட் (கெட்னா பக்கம் கேக்குறது, போஸ்ட்னா டேட்டா அனுப்புறது), எந்த பாதை. அதுக்கு கீழ ஹெடர்கள். அப்புறம் ஒரு காலி வரி. ஃபார்ம் சப்மிட் பண்ணியிருந்தா அந்த காலி வரிக்கு கீழ பாடி இருக்கும், அவ்வளவுதான். எச்டிடிபி 2, 3ல இதே விஷயம் பைனரியா பேக் ஆகி போகும், ஆனா உங்க கோட் வரைக்கும் வந்து சேரும்போது அதே மெத்தட், பாதை, ஹெடர், பாடிதான்.

ஹோஸ்ட் ஹெடர மட்டும் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க. ஒரே ஐபில பத்து சைட் ஓடலாம், எந்த சைட்டுக்கு வந்திருக்காங்கனு சர்வருக்கு இத பாத்துதான் தெரியும். ஜாங்கோவும் இத நம்பித்தான் சில இடத்துல முழு லிங்க் தயார் பண்ணும், பாஸ்வேர்ட் ரீசெட் மெயில்ல வர்ற லிங்க் மாதிரி. யாராவது பொய்யான ஹோஸ்ட் அனுப்பினா அந்த லிங்க் வேற சைட்டுக்கு போயிடும், அதுக்குத்தான் அலவ்ட் ஹோஸ்ட்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு. புது டொமைன் வாங்கி போட்டதும் எல்லா பக்கமும் 400 காட்டுதுனா முதல்ல இந்த லிஸ்ட்ல அந்த பேரு இருக்கானு பாருங்க.

ரிக்வெஸ்ட் நேரா ஜாங்கோகிட்டதான் போகுதா?

உங்க லேப்டாப்ல ரன்சர்வர் (ஜாங்கோ கூடவே வர்ற டெஸ்ட் சர்வர்) போட்டு ஓட்டும்போது கிட்டத்தட்ட ஆமா. லைவ் சைட்ல இல்ல. அங்க முன்னாடி எஞ்சின்எக்ஸ் மாதிரி ஒரு வெப் சர்வர் நிக்கும், 80, 443 போர்ட்ட புடிச்சு வச்சிருக்கிறது அதுதான். எச்டிடிபிஎஸ் பூட்ட திறக்குறது, படம், சிஎஸ்எஸ் மாதிரி ஃபைல நேரா எடுத்து கொடுக்குறது, மெதுவான நெட்ல இருந்து வர்றவங்ககிட்ட பொறுமையா முழு ரிக்வெஸ்டையும் வாங்கி வச்சுட்டு பின்னாடி தள்ளுறது, இதெல்லாம் அதோட வேலை. அதுக்கு பின்னாடி குனிகார்ன் மாதிரி ஒரு அப்ளிகேஷன் சர்வர், அதுக்குள்ளதான் ஜாங்கோ ஓடுது.

குனிகார்னும் ஜாங்கோவும் பேசிக்கிற ஒப்பந்தத்துக்கு பேரு டபிள்யூஎஸ்ஜிஐ, 2003ல பைத்தான்காரங்க எழுதினது, பைத்தான் 3க்காக 2010ல திருத்தினாங்க. அதுக்கு முன்னாடி 1993ல வந்த சிஜிஐ முறையில ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு புது ப்ராசஸ் கிளம்பி, பதில் சொல்லிட்டு செத்துப் போகும், கூட்டம் வந்தா தாங்காது. டபிள்யூஎஸ்ஜிஐ ரொம்ப சின்ன ஒப்பந்தம்: சர்வர் ஒரு டிக்ஷனரியும் ஒரு ஃபங்ஷனும் கொடுக்கும், அப்ளிகேஷன் அந்த ஃபங்ஷன கூப்பிட்டு ஸ்டேட்டஸும் ஹெடரும் சொல்லிட்டு, பைட்டுகள திருப்பிக் கொடுக்கணும். இவ்வளவுதான் மொத்தமும். உங்க ப்ராஜெக்ட்ல விஸ்கினு (டபிள்யூஎஸ்ஜிஐய சேத்து படிக்கிறது) பேரு வச்ச ஒரு ஃபைல் சும்மா கிடக்குதே, அது இந்த கதவுதான்.

அப்ப ஃப்ரேம்வொர்க் இல்லாமலே வெப்சைட் எழுதலாமா?

தாராளமா எழுதலாம், ஒரு தடவையாவது எழுதிப் பாக்கணும்னுதான் நான் சொல்வேன். டபிள்யூஎஸ்ஜிஐக்கு பொருந்துற ஒரு ஃபங்ஷன் நாலஞ்சு வரியில எழுதிடலாம். ஆனா அடுத்து பாதைய பிரிக்கணும், குக்கிய பிரிக்கணும், ஃபார்ம்ல வந்த டேட்டாவ பிரிக்கணும், லாகின் வேணும், எச்டிஎம்எல்ல எஸ்கேப் (ஆபத்தான குறிகள வெறும் எழுத்தா மாத்துறது) பண்ணணும்னு ஒவ்வொன்னா சேக்கும்போது நீங்களே ஒரு ஃப்ரேம்வொர்க் எழுத ஆரம்பிச்சிருப்பீங்க. ஜாங்கோவே அப்படி பொறந்ததுதான், அமெரிக்காவுல கேன்சஸ் மாநிலத்துல லாரன்ஸ்ங்கிற ஊர் பத்திரிகையோட வெப் டீம்ல ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003ல ஆரம்பிச்சாங்க, செய்தி ஆபீஸ் அவசரத்துக்கு ஏத்த மாதிரி திரும்பத் திரும்ப எழுதுற கோட எல்லாம் ஒரு இடத்துல சேத்தாங்க, 2005 ஜூலைல எல்லாருக்கும் திறந்துவிட்டாங்க.

ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஜாங்கோ புதுசா ஸ்டார்ட் ஆகுமா?

ஆகாது. பிஎச்பி பக்கம் இருந்து வர்றவங்களுக்கு இது முக்கியம், ஏன்னா அங்க வழக்கமான முறையில ஒவ்வொரு ரிக்வெஸ்டும் சுத்தமான ஸ்லேட்ல ஆரம்பிக்கும். ஜாங்கோவுல குனிகார்ன் கிளம்பும்போதே செட்டிங்ஸ் படிச்சு, ஆப் எல்லாம் ஏத்தி, மிடில்வேர் (வியூவுக்கு முன்னாடியும் பின்னாடியும் தாண்ட வேண்டிய அடுக்குகள்) சங்கிலிய ஒரே ஒரு தடவ கோத்து வச்சுடும், அதுக்கப்புறம் வர்ற எல்லா ரிக்வெஸ்டும் அந்த ஒரே சங்கிலி வழியாத்தான் போகும்.

இதனால ரெண்டு விஷயம். ஒன்னு, கோட மாத்தினா ரீஸ்டார்ட் பண்ணணும், "ஃபைல அப்லோட் பண்ணிட்டேன் ஆனா பழசே வருது"ங்கிற கேள்விக்கு பதில் பெரும்பாலும் இதுதான். ரெண்டு, ஃபைலோட மேல் மட்டத்துல ஒரு லிஸ்ட் வச்சு வியூல அதுக்குள்ள எதையாவது அப்பெண்ட் பண்ணா அது அடுத்த ரிக்வெஸ்ட்லயும் அப்படியே இருக்கும், அதாவது ஒரு யூசரோட டேட்டா இன்னொரு யூசர் கண்ணுல படும். இன்னும் குழப்பம் என்னன்னா குனிகார்ன்ல நாலு ஒர்க்கர் ஓடினா நாலு தனித்தனி ப்ராசஸ், ஒவ்வொன்னுலயும் அந்த லிஸ்ட் வேற வேறயா இருக்கும், ரெஃப்ரெஷ் பண்ண பண்ண ஒரு தடவ இருக்கும் ஒரு தடவ இருக்காது. லேப்டாப்ல ஒரே ப்ராசஸ்தான் ஓடும், அதனால அங்க இது தலையே காட்டாது. ரிக்வெஸ்டுகளுக்கு நடுவுல ஏதாவது ஞாபகம் வச்சுக்கணும்னா டேட்டாபேஸ், கேஷ், செஷன் (ஒவ்வொரு யூசருக்கும் ஜாங்கோ தனியா வச்சுக்கிற தகவல்), இந்த மூணுல ஒன்னுல வைங்க.

மிடில்வேர் எதுக்கு? அந்த வரிசைய மாத்தினா என்ன ஆகும்?

இதுதான் நிறைய பேரு தாண்டிப் போற இடம், எனக்கு கேட்டா இத ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் சுலபம்.

குனிகார்ன் கொடுத்த டிக்ஷனரிய வச்சு ஜாங்கோ ஒரு ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட் செய்யுது. அது வியூகிட்ட போறதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல உள்ள மிடில்வேர் லிஸ்ட்ல மேல இருந்து கீழ ஒவ்வொன்னையும் தாண்டணும். வியூ பதில் கொடுத்ததும் அந்த ரெஸ்பான்ஸ் அதே லிஸ்ட்ல கீழ இருந்து மேல திரும்பி வரும். ஒவ்வொரு மிடில்வேரும் தனக்கு உள்ள இருக்கிறத ஒரு ஃபங்ஷனா கூப்பிடுது, கூப்பிடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் வேலை, கூப்பிட்டு முடிச்சதும் கொஞ்சம் வேலை. கூப்பிடாமலே தானே ஒரு ரெஸ்பான்ஸ திருப்பி அனுப்பிடவும் அதுக்கு உரிமை உண்டு, அப்படி நடந்தா உங்க வியூவுக்கு ரிக்வெஸ்ட் வந்ததே தெரியாது. வியூல பிரிண்ட் போட்டேன் ஒன்னுமே வரல ஆனா பக்கம் ரீடைரக்ட் ஆகுதுனு முழிக்கிறவங்க மிடில்வேரத்தான் பாக்கணும்.

புது ப்ராஜெக்ட்ல தானா ஏழு மிடில்வேர் இருக்கும்: செக்யூரிட்டி, செஷன், காமன், சிஎஸ்ஆர்எஃப், ஆதென்டிகேஷன், மெசேஜஸ், எக்ஸ்ஃப்ரேம். செஷனுக்கு கீழதான் ஆதென்டிகேஷன் இருக்கணும், காரணம் எந்த யூசர் லாகின் ஆகியிருக்காருங்கிற தகவல் செஷனுக்குள்ளதான் இருக்கு, மாத்தி வச்சா ஜாங்கோவே எரர் போட்டு செஷன் மிடில்வேர காணோமேனு சொல்லிடும்.

ஒரு நல்ல விஷயம், ரிக்வெஸ்ட்ல இருக்கிற யூசர ஜாங்கோ உடனே டேட்டாபேஸ்ல இருந்து எடுக்காது, நீங்க தொடும்போதுதான் எடுக்கும். வியூலயும் டெம்ப்ளேட்லயும் எங்கயும் யூசர தொடலனா அந்த கொயரி (டேட்டாபேஸ்கிட்ட கேக்குற கேள்வி) போகவே போகாது. ஆனா பேஸ் டெம்ப்ளேட்ல மேல "வணக்கம்" போட்டு பேரு காட்டுறீங்கனா, லாகின் ஆனவங்க பாக்குற எல்லா பக்கத்துக்கும் செஷனுக்கு ஒன்னு, யூசருக்கு ஒன்னுனு ரெண்டு கொயரி சேந்துடும். தப்பில்ல, தெரிஞ்சு செய்யுங்க.

யூஆர்எல் பாத்து எந்த வியூனு எப்படி கண்டுபிடிக்குது?

மேல இருந்து கீழ ஒவ்வொரு பேட்டர்னா பாத்துட்டு வரும், முதல்ல எது பொருந்துதோ அதோட நிறுத்திக்கும். இன்னும் நல்லா பொருந்துறது கீழ இருக்கானு தேடாது. அதனால எதையும் ஏத்துக்கிற ஒரு பேட்டர்ன மேல வச்சுட்டு, குறிப்பா உள்ளத கீழ வச்சா கீழ உள்ளது ஓடவே ஓடாது. /புத்தகம்/புதுசு/ கேட்டா 'புதுசு'ங்கிற புத்தகத்த தேடி 404 கொடுக்குதுனா காரணம் இந்த வரிசைதான்.

கேள்விக்குறிக்கு பின்னாடி வர்ற பகுதிய இந்த தேடல் கண்டுக்கவே கண்டுக்காது, கெட்டா போஸ்ட்டானும் பாக்காது. அத பிரிச்சுக்கிறது வியூவோட பொறுப்பு.

தமிழ்ல சைட் பண்றவங்க இங்க ஒன்னு கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். பாதையில தமிழ் எழுத்து இருந்தா பிரவுசர் அத யூடிஎஃப் 8 பைட்டா மாத்தி ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறி போட்டு மூணு எழுத்தா அனுப்பும். யூனிகோட்ல ஒரு தமிழ் குறியீட்டுக்கு மூணு பைட், அப்ப ஒன்னுக்கு ஒன்பது எழுத்து. 'அம்மா'ங்கிறதுல அ, ம, புள்ளி, ம, காலுனு அஞ்சு குறியீடு, மொத்தம் 45 எழுத்தா போகும். பயப்பட வேண்டாம், ஜாங்கோ அத திரும்ப தமிழாக்கிட்டுத்தான் பேட்டர்னோட ஒப்பிடும். பிரச்சினை எங்கன்னா ஸ்லக் (தலைப்ப வச்சு யூஆர்எல்ல போடுற சின்ன பேரு) கன்வர்ட்டர், அது ஏ முதல் இசட் வரைக்கும் உள்ள ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன், அண்டர்ஸ்கோர் மட்டும்தான் ஏத்துக்கும். தமிழ் ஸ்லக் வச்சா எப்பவுமே 404. ஸ்ட்ரிங் கன்வர்ட்டர் போடுங்க, சாய்கோடு தவிர எல்லாத்தையும் ஏத்துக்கும்.

அதோட ஸ்லகிஃபை ஃபங்ஷன்ல யூனிகோட அனுமதினு ஆன் பண்ணி தமிழ் தலைப்ப கொடுத்தாலும் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் கழண்டு போயிடும், ஏன்னா பைத்தான் ரெஜெக்ஸ் அதுகள எழுத்தா எண்ணறதில்ல. 'அம்மா' கொடுத்தா 'அமம'னு வரும். தமிழ் தலைப்புக்கு சொந்தமா ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிக்கிறதுதான் சரி, இல்லனா யூஆர்எல்ல எண்ண வச்சுக்கோங்க.

கடைசி சாய்கோடு போடலனா என்ன ஆகும்?

பேட்டர்ன் சாய்கோட்டோட இருந்து, வந்த பாதை அது இல்லாம இருந்தா, காமன் மிடில்வேர் 301 கொடுத்து சாய்கோடு சேத்த முகவரிக்கு அனுப்பிடும். கெட்டுக்கு சரி. ஆனா ஃபார்மோட ஆக்ஷன்ல சாய்கோட விட்டுட்டு போஸ்ட் பண்ணா, ரீடைரக்ட் ஆகும்போது பிரவுசர் அத கெட்டா மாத்திடும், நிரப்பின டேட்டா எல்லாம் காணாம போயிடும். டீபக் மோட்ல (டெவலப் பண்ணும்போது ஆன்ல வைக்கிற செட்டிங்) ஜாங்கோ எரர் போட்டு எச்சரிக்கும், லைவ்ல சத்தமில்லாம நடக்கும்.

ஃபார்ம் சப்மிட் பண்ணா 403 வருது, ஏன்?

சிஎஸ்ஆர்எஃப். நீங்க ஒரு சைட்ல லாகின் ஆகி இருக்கும்போது வேற ஒரு சைட்ல உள்ள ஒளிச்சு வச்ச ஃபார்ம் உங்க பிரவுசர் மூலமாவே முதல் சைட்டுக்கு போஸ்ட் அனுப்பினா, குக்கியும் கூடவே போக வாய்ப்பிருக்கு, நீங்களே அனுப்பின மாதிரி ஆயிடும். அத தடுக்க ஜாங்கோ குக்கியில ஒரு ரகசியம் வச்சு, ஃபார்ம்லயும் மறைவா ஒரு டோக்கன் வச்சு, ரெண்டும் பொருந்துதானு பாக்கும். வேற சைட் உங்க குக்கிய படிக்க முடியாதுங்கிறதால அந்த டோக்கன தயார் பண்ண முடியாது.

இந்த சோதனை நடக்குற இடம் சுவாரஸ்யமானது: யூஆர்எல் பொருத்தம் முடிஞ்ச பிறகு, வியூ ஓடுறதுக்கு கொஞ்சம் முன்னாடி. குறிப்பிட்ட ஒரு வியூவுக்கு மட்டும் விலக்கு கொடுக்க முடியறதுக்கு அதுதான் காரணம், எந்த வியூனு தெரிஞ்ச பிறகுதானே விலக்கு இருக்கானு பாக்க முடியும். ஆனா தயவு செஞ்சு 403 வந்துச்சுனு விலக்கு போட்டுட்டு போயிடாதீங்க. ஃபார்ம்ல டோக்கன் டேக் இருக்கா, ஜாவாஸ்கிரிப்ட்ல அனுப்பினா ஹெடர்ல வச்சு அனுப்புறீங்களானு பாருங்க, பெரும்பாலும் அங்கதான் முடிஞ்சுடும். வெளியில இருந்து வேற சர்வர் கூப்பிடுற வெப்ஹூக்குக்கு விலக்கு சரி, அங்க கையெழுத்து சரிபாக்குறத நீங்களே எழுதணும்.

வியூல என்ன இருக்கணும்?

ரிக்வெஸ்ட வாங்கி ரெஸ்பான்ஸ கொடுக்குற ஒரு ஃபங்ஷன், வேற ஒன்னும் இல்ல. கொடுக்க மறந்தா, அதாவது ஒரு இஃப் கிளைல ரிட்டர்ன் விட்டுப் போச்சுனா, நன் (பைத்தான்ல 'ஒன்னுமே இல்ல'ங்கிற மதிப்பு) வந்துச்சுனு எரர் வரும். கிளாஸ் பேஸ்டு வியூவும் கடைசியில ஒரு ஃபங்ஷனாத்தான் மாறி நிக்குது, புதுசா வர்றவங்க முதல்ல ஃபங்ஷனாவே எழுதிப் பழகுங்க, வழி கண்ணுக்கு நேரா தெரியும்.

டேட்டாபேஸ்ல இருந்து டேட்டா எப்ப வருது?

வியூல ஃபில்டர் எழுதின வரியிலனு எல்லாரும் நினைப்பாங்க. இல்ல. அங்க நடக்குறது கொயரிய தயார் பண்ணி வைக்கிறது மட்டும்தான், ஃபில்டர் கொடுக்குற கொயரிசெட் ஒரு சோம்பேறி, யாராவது உள்ள என்ன இருக்குனு கேக்குற வரைக்கும் டேட்டாபேஸ் பக்கம் போகாது. பெரும்பாலான பக்கங்கள்ல அப்படி முதல்ல கேக்குறது டெம்ப்ளேட்ல உள்ள ஃபார் லூப்தான். அதாவது உங்க எஸ்க்யூஎல் ஓடுறது வியூ முடியப் போற நேரத்துல, டெம்ப்ளேட்டுக்கு உள்ள.

இது சும்மா தகவலுக்கு சொல்லல. ஃபில்டர் வரிய சுத்தி ட்ரை எக்செப்ட் போட்டு வச்சிருப்பாங்க, டேட்டாபேஸ் எரர் அதுல மாட்டாம டெம்ப்ளேட் ரெண்டர் ஆகும்போது வெடிக்கும், ட்ரேஸ்பேக்ல டெம்ப்ளேட் பேரு வரும், டெம்ப்ளேட்ல என்ன தப்புனு மணிக்கணக்கா தேடுவாங்க. டெம்ப்ளேட்ல தப்பே இருக்காது.

அடுத்தது வேகம். 50 புத்தகம் காட்டுற பக்கம், ஒவ்வொன்னுக்கும் கீழ எழுத்தாளர் பேரு. வியூ ஒரே வரி, பாக்க அழகா இருக்கும். டெம்ப்ளேட்ல லூப்புக்குள்ள புத்தகம் டாட் எழுத்தாளர் டாட் பேருனு எழுதினதும், லூப் சுத்துற ஒவ்வொரு தடவையும் எழுத்தாளர எடுக்க தனியா ஒரு கொயரி போகும். புத்தக லிஸ்டுக்கு 1, எழுத்தாளருக்கு 50, மொத்தம் 51. லேப்டாப்ல டேட்டாபேஸ் பக்கத்துலயே இருக்கும், டெஸ்ட்டுக்கு மூணு புத்தகம் போட்டிருப்பீங்க, ஒன்னும் தெரியாது. லைவ்ல டேட்டாபேஸ் வேற மெஷின்ல இருந்தா ஒவ்வொரு கொயரிக்கும் போய் வர்ற நேரம் சேந்து பக்கம் தவழ ஆரம்பிக்கும். வியூல செலெக்ட் ரிலேட்டட் சேத்தா ஜாயின் போட்டு எல்லாத்தையும் ஒரே கொயரில எடுத்துடும். ஒரு புத்தகத்துக்கு பல டேக் இருக்குற மாதிரி உறவுனா ப்ரீஃபெட்ச் ரிலேட்டட், அது ரெண்டு கொயரில முடிச்சு பைத்தான்ல சேத்துக்கும்.

ஜாங்கோ டீபக் டூல்பார போட்டு ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தன கொயரி போகுதுனு பாக்குற பழக்கத்த முதல் நாள்ல இருந்தே வச்சுக்கோங்க. பக்கம் மெதுவா இருக்குனு சொன்னா கேஷ் போடுங்க, சர்வர பெருசாக்குங்கனு யோசனை வரும், கொயரி எண்ணிக்கைய பாக்காம அதுல எதையும் செய்யாதீங்க.

டெம்ப்ளேட் எச்டிஎம்எல்லா எப்படி மாறுது?

ஃபைல படிச்சு துண்டு துண்டா வெட்டுது: இது சாதா டெக்ஸ்ட், இது வேரியபிள், இது டேக். அந்த துண்டுகள நோடுகளா மாத்தி ஒரு மரமா கோத்து வச்சுக்குது, லைவ்ல இந்த மரத்த கேஷ்லயும் வச்சுக்கும், அதனால திரும்பத் திரும்ப ஃபைல படிக்காது. அப்புறம் நீங்க கொடுத்த கான்டெக்ஸ்ட வச்சு ஒவ்வொரு நோடும் தன் பங்கு ஸ்ட்ரிங்க கொடுக்கும், எல்லாத்தையும் ஒட்டினா பக்கம் ரெடி.

ஒரு புள்ளி வச்சு எழுதினா ஜாங்கோ முதல்ல டிக்ஷனரி கீயானு பாக்கும், இல்லனா ஆப்ஜெக்டோட ஆட்ரிபியூட்டானு, அதுவும் இல்லனா லிஸ்ட் எண்ணானு பாக்கும். கிடைச்சது ஃபங்ஷனா இருந்தா தானே கூப்பிட்டுக்கும். எதுவுமே கிடைக்கலனா எரர் வராது, காலியா விட்டுட்டு போயிடும், அதனால பேர தப்பா டைப் பண்ணா பக்கத்துல ஒரு இடம் வெறுமையா இருக்கும், அவ்வளவுதான் அறிகுறி.

வேரியபிள் வெளிய வரும்போது ஆங்கிள் பிராக்கெட், ரெண்டு வகை மேற்கோள், ஆம்பர்சண்ட் எல்லாத்தையும் தானா எஸ்கேப் பண்ணிடும். யாரோ கமெண்ட்ல ஸ்கிரிப்ட் டேக் எழுதி வச்சாலும் அது எழுத்தா தெரியுமே தவிர ஓடாது. சேஃப் ஃபில்டர் போட்டா இந்த காவல எடுத்துடுறீங்கனு அர்த்தம், யூசர் டைப் பண்ண எதுக்கும் அத போடாதீங்க.

ரெஸ்பான்ஸ் திரும்பி போற வழியில ஏதாவது நடக்குமா?

நிறைய. முக்கியமா செஷன் சேவ் ஆகுறது திரும்பற வழியிலதான், நீங்க வியூல மதிப்ப வச்ச உடனே இல்ல. செஷன் மாறியிருக்குனு தெரிஞ்சா மட்டும்தான் சேவ் பண்ணும். மாறியிருக்கானு எப்படி தெரியும்? செஷனுக்கு நேரா ஒரு கீ வச்சா தெரியும். செஷனுக்குள்ள கூடைனு ஒரு டிக்ஷனரி இருந்து, அதுக்குள்ள நீங்க ஒரு பொருள சேத்தா, வெளிய உள்ள செஷன யாரும் தொடல, அதுக்கு தெரியாது, சேவ் ஆகாது. அந்த பக்கத்துல கூடை சரியா தெரியும், அடுத்த பக்கத்துல பழையபடி இருக்கும். செஷன் டாட் மாடிஃபைடுக்கு ட்ரூ கொடுக்கணும், இல்ல கூடைய மாத்தினதும் திரும்ப செஷன்ல எடுத்து வைக்கணும். வியூ 500ல முடிஞ்சாலும் செஷன் சேவ் ஆகாது.

அப்புறம் காமன் மிடில்வேர் கன்டென்ட் லெங்த் ஹெடர போடும். அது எழுத்து எண்ணிக்கை இல்ல, பைட் எண்ணிக்கை. கையால இந்த ஹெடர போடுறவங்க தமிழ் டெக்ஸ்டோட ஸ்ட்ரிங் நீளத்த போட்டா, பிரவுசர் அந்த அளவோட நிறுத்திக்கும், பக்கம் பாதியில அறுந்து நிக்கும்.

எரர் வந்தா அதுவும் இதே வழியாத்தான் போகுமா?

ஆமா. வியூல எக்செப்ஷன் வெடிச்சா அது அப்படியே மிடில்வேர எல்லாம் உடைச்சுட்டு வெளிய போறதில்ல, ஒவ்வொரு அடுக்குலயும் ஒரு புடிப்பு இருக்கு, எக்செப்ஷன ரெஸ்பான்ஸா மாத்திடும். காணோம்னு சொன்னா 404, அனுமதி இல்லனு சொன்னா 403, சந்தேகமானது 400, வேற எதுவா இருந்தாலும் 500.

502, 504 வந்தா அது ஜாங்கோ கொடுத்தது இல்ல, முன்னாடி நிக்கிற எஞ்சின்எக்ஸ் கொடுத்தது. 502னா பின்னாடி ஆளே இல்ல, இல்லனா பேசிட்டு இருக்கும்போதே செத்துட்டான். 504னா காத்திருந்து பாத்துட்டு விட்டுடுச்சு. குனிகார்ன் மாத்தாம விட்டா 30 செகண்ட் அசைவில்லாத ஒர்க்கர கொன்னுடும், எஞ்சின்எக்ஸ் 60 செகண்ட் காத்திருக்கும், அதனால ஒரு வியூ ரொம்ப நேரம் எடுத்தா இந்த அமைப்புல பெரும்பாலும் 502தான் முதல்ல பாப்பீங்க. ஜாங்கோ லாக்ல அப்ப ஒன்னும் இருக்காது, குனிகார்ன் லாக்ல ஒர்க்கர் டைம்அவுட்னு இருக்கும். டைம்அவுட்ட கூட்டுறத விட, அந்த நீண்ட வேலைய செலரி மாதிரி பின்னணி க்யூவுக்கு தள்ளுறது நல்லது.

ஃபைல் அப்லோட்ல 413 வந்தாலும் எஞ்சின்எக்ஸ்தான், அதோட வழக்கமான வரம்பு 1 எம்பி.

பக்கம் வந்துச்சு, ஆனா சிஎஸ்எஸ் இல்லாம மொட்டையா இருக்கு?

ஜாங்கோ கொடுத்தது எச்டிஎம்எல் மட்டும்தான். பிரவுசர் அத படிச்சுக்கிட்டே வந்து, சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், படம் ஒவ்வொன்னுக்கும் தனித்தனியா ரிக்வெஸ்ட் அனுப்பும். டீபக் ட்ரூவா இருக்கும்போது ரன்சர்வர் அதையும் கொடுத்துடும். ஃபால்ஸ் ஆக்கினதும் கொடுக்காது. கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டி எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல சேத்து, எஞ்சின்எக்ஸ அந்த ஃபோல்டருக்கு காட்டணும், இல்லனா ஒயிட்நாய்ஸ் (ஜாங்கோ வழியாவே அந்த ஃபைல கொடுக்குற பேக்கேஜ்) போடணும்.

லாரவெல், ரெயில்ஸ்ல எல்லாம் வேறயா?

வழி ஒன்னுதான், பேருதான் வேற. ரெயில்ஸ்ல டபிள்யூஎஸ்ஜிஐ இடத்துல ராக், ஜாங்கோ வியூனு சொல்றத அங்க கன்ட்ரோலர்னு சொல்வாங்க, ஜாங்கோ டெம்ப்ளேட்தான் அங்க வியூ, இதுல மட்டும் குழம்பாதீங்க. லாரவெல்ல எல்லாம் பப்ளிக் ஃபோல்டர்ல உள்ள இண்டெக்ஸ் ஃபைல் வழியா நுழையும், டெம்ப்ளேட்டுக்கு பிளேடு, அது பிஎச்பியாவே மாறி கேஷ்ல உக்காந்துக்கும். சிஎஸ்ஆர்எஃப் பொருந்தலனா ஜாங்கோ 403, லாரவெல் 419, ரெயில்ஸ் 422. அந்த 51 கொயரி நோய் மூணுலயும் இருக்கு, மருந்து ரெயில்ஸ்ல இன்க்லூட்ஸ், லாரவெல்ல வித்.

அசிங்க் வியூ எழுதினா வேகமாகுமா?

அசிங்க்னா ஒரு பதிலுக்கு காத்திருக்கும்போதே வேற வேலை பாக்குற முறை, எழுதினதுக்காக மட்டும் வேகம் ஆகாது. ஜாங்கோ 3.0ல ஏஎஸ்ஜிஐ (டபிள்யூஎஸ்ஜிஐயோட அசிங்க் வடிவம்) ஆதரவும் 2020ல வந்த 3.1ல அசிங்க் வியூவும் வந்துச்சு. வியூ வெளியில உள்ள நாலு ஏபிஐக்கு காத்துக்கிட்டு நிக்குதுனா பலன் உண்டு, ஒரே நேரத்துல நாலையும் கேக்கலாம். மிடில்வேர்ல ஒன்னு பழைய முறையில இருந்தாலும் அந்த இடத்துல த்ரெட் மாத்தி மாத்தி ஓட வேண்டி வரும், கிடைக்கிற லாபம் அதுல கரையும்.

எச்டிடிபிஎஸ் போட்டதும் "ரொம்ப தடவ ரீடைரக்ட் ஆகுது"னு பிரவுசர் நின்னுடுது, என்ன பண்ண?

எஞ்சின்எக்ஸ் எச்டிடிபிஎஸ்ஸ திறந்துட்டு பின்னாடி குனிகார்னுக்கு சாதா எச்டிடிபிலதான் அனுப்புது. ஜாங்கோ கண்ணுக்கு வர்ற எல்லாமே பாதுகாப்பில்லாத ரிக்வெஸ்ட். எச்டிடிபிஎஸ்ஸுக்கு ரீடைரக்ட் பண்ணுனு செட்டிங் ஆன்ல இருந்தா செக்யூரிட்டி மிடில்வேர் ரீடைரக்ட் கொடுக்கும், பிரவுசர் எச்டிடிபிஎஸ்ல திரும்ப வரும், எஞ்சின்எக்ஸ் திரும்ப எச்டிடிபில அனுப்பும், முடிவே இல்லாம சுத்தும். எஞ்சின்எக்ஸ்ல எக்ஸ் ஃபார்வர்டட் ப்ரோட்டோ ஹெடர்ல உண்மையான முறைய எழுதி அனுப்பச் சொல்லுங்க, ஜாங்கோவுல செக்யூர் ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ஹெடர் செட்டிங்ல அதே பேர கொடுங்க. பயனர் தானே அனுப்புற அதே பேரு ஹெடர எஞ்சின்எக்ஸ் அழிச்சு எழுதுதானும் உறுதி பண்ணிக்கோங்க, இல்லனா யாரு வேணாலும் நான் எச்டிடிபிஎஸ்ல வந்தேன்னு ஜாங்கோகிட்ட பொய் சொல்ல முடியும்.